மீற்றர் செத்த கே1000: முதல் றோல் போட முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கவின்_கொழும்பு6

பென்டக்ஸ் கே1000 பிலிம் கமரா, கூடவே 50 மிமீ எஃப்/2 லென்ஸ். பல வருடமாக அலுமாரியில் தோலுறைக்குள் கிடந்தது. லீவர் இழுபடுகிறது, ஷட்டர் அடிக்கிறது. ஆனால் வியூபைண்டரில் மீற்றர் (ஒளிமானி) ஊசி அசையவே இல்லை. பின்கதவைத் திறந்தால் ஓரமெல்லாம் தார் மாதிரிக் கறுப்பாக ஒட்டுகிறது. லென்ஸுக்குள் ஓரமாக மெல்லிய வெள்ளை இழைகள் தெரிகின்றன.

இதை முதலில் திருத்தக் கொடுப்பதா, அப்படியே ஒரு றோல் போட்டுப் பார்ப்பதா? மீற்றர் இல்லாமல் புறக்கோட்டை, காலிமுகத்திடல் பக்கம் எடுக்கலாமா? கறுப்பு-வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம் என்கிறார்கள். ஆனால் எல்லா அட்டவணையும் 20 பாகை செல்சியஸ் என்கிறது, இங்கே பைப் தண்ணீர் 28-க்குக் கீழே வருவதில்லை.

கடைசியாக ஒன்று. போனில் ஒரு விநாடியில் வருகிற படத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று வீட்டில் கேட்கிறார்கள். நல்ல பதில் இருந்தால் அதையும் தாருங்கள்.

---

ஊசியும்_திரையும்

கே1000-இல் பற்றரி மீற்றருக்கு மட்டும்தான் தம்பி. ஷட்டர் ஸ்பிரிங்கிலும் பல்சக்கரத்திலும் ஓடுவது. 1 விநாடியிலிருந்து 1/1000 வரை எல்லா வேகமும் பற்றரி இல்லாமலே வேலை செய்யும். 1976 முதல் 1997 வரை பெரிய மாற்றமில்லாமல் செய்து விற்ற கமரா இது. இதுவே கனன் ஏஇ-1 ஆக இருந்தால் 6 வோல்ட் பற்றரி இல்லாமல் ஷட்டர் திறக்கவே திறக்காது. ஆகவே ஊசி கிடக்கட்டும், ஷட்டரை முதலில் பாருங்கள்.

பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, ஒவ்வொரு வேகத்திலும் பத்துத் தடவையாவது அடியுங்கள். நெடுநாள் கிடந்த கமராவில் முதல் சில அடிகள் எப்போதும் மந்தமாக இருக்கும், அதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பிறகு போனின் குரல் பதிவியை ஓடவிட்டு 1, 1/2, 1/4, 1/8 விநாடிகளை அடித்துப் பதியுங்கள். அலைவடிவத்தில் திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் இடையிலான தூரம்தான் உண்மையான நேரம். 1 விநாடி 1.3 ஆக வந்தால் பரவாயில்லை. 2-ஐத் தாண்டினால், அல்லது பாதியில் நின்று பிறகு மூடினால், மெதுவேகச் சக்கரத்தொகுதியில் பழைய எண்ணெய் பசையாகிவிட்டது. அப்படியிருந்தாலும் 1/60-க்கு மேற்பட்ட வேகங்கள் சரியாக இருக்கலாம், பகலில் எடுக்க அதுவே போதும்.

வேகமான பக்கத்தைக் காதால் பிடிக்க முடியாது. 1/1000-இல் வைத்து, வெளிச்சமான வெள்ளைச் சுவரைப் பார்த்து, பின்பக்கத்தால் பார்த்தபடி அடியுங்கள். சட்டம் முழுவதும் ஒரே அளவாகப் பளிச்சிட வேண்டும். ஒரு பக்கம் இருண்டால் ஷட்டரின் இரண்டு துணித் திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை, பின்திரை முன்திரையைத் துரத்திப் பிடிக்கிறது. படத்தின் ஒரு ஓரம் கறுத்துப் போகும். 1/500-இல் அந்தக் குறை இல்லையென்றால் 1/1000-ஐ மறந்துவிட்டு எடுங்கள். வேகம் சொன்னதைவிடக் கொஞ்சம் மந்தமாக இருப்பது பிரச்சினையே அல்ல: 1/1000 உண்மையில் 1/700 ஆக ஓடினால் பிழை அரை ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது), நெகட்டிவ் அதைத் தாங்கும்.

தார் போல ஒட்டுவது ஒளி அடைக்கும் ஸ்பொஞ்சு. வயதானால் எல்லாக் கமராவிலும் இப்படித்தான் கரையும். அதை மாற்றாமல் றோல் போட வேண்டாம். கதவு கீல் பக்கத்தால் ஒளி கசிந்து படத்தில் செம்மஞ்சள் கோடு விழும், அதைவிட மோசம், அந்தப் பசை துகளாகித் திரைமேல் ஒட்டும். மூங்கில் குச்சியைச் சீவி, பாமசியில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் அற்ககோலைப் பஞ்சில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வழித்தெடுங்கள். கமராவைக் கதவு கீழ்நோக்கியிருக்கப் பிடித்தால் துகள் உள்ளே விழாது. திரைத்துணியை விரலாலும் பஞ்சாலும் தொடக்கூடாது.

மேலேயும் கீழேயும் உள்ள ஒடுங்கிய தவாளிப்புகளுக்குக் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டி அமர்த்தினாலே காணும். கீல் பக்கத்துக்கு 1.5 முதல் 2 மிமீ ஸ்பொஞ்சு அல்லது ஃபெல்ட் (felt) துணி. மூன்றாவது இடத்தைப் பலர் மறந்துவிடுவார்கள்: லென்ஸுக்குப் பின்னால் உள்ள கண்ணாடி மேலே போய் இடிக்கும் மெத்தை. அதற்குச் சுமார் 2 மிமீ மென்மையான ஸ்பொஞ்சு. தடிப்பு கூடினால் கண்ணாடி முழுதாக ஏறாமல் படத்தின் ஓரத்தில் நிழல் விழும். இந்த மெத்தையைத் துடைக்கும்போது அற்ககோல் ஒரு துளிகூட மேலே உள்ள போக்கஸ் திரையில் படக்கூடாது. அது பிளாஸ்டிக், வெளிறிப்போனால் திரும்ப வராது.

இப்போது ஊசி. அடியில் உள்ள மூடியை நாணயக்குற்றியால் திருகித் திறவுங்கள். உள்ளே வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு இருந்தால் பழைய பற்றரி கசிந்திருக்கிறது. வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு அற்ககோலால் துடைத்து, காயவிடுங்கள். எல்ஆர்44 போட்டாலும் ஓடும். ஆனால் எஸ்ஆர்44 நல்லது, கைக்கடிகாரக் கடைகளில் 357 என்ற பெயரிலும் வரும். எல்ஆர் வகையின் வோல்டேஜ் மெல்ல மெல்ல இறங்கும், எஸ்ஆர் 1.55-இல் கடைசிவரை நின்று பிறகு சட்டென்று சாகும். மீற்றருக்கு இரண்டாவது குணமே வேண்டும். கே1000-இல் மீற்றருக்குத் தனி ஆளி கிடையாது, லென்ஸ் மூடியைப் போடுவதுதான் அணைப்பது. பற்றரி புதிதாக இருந்தும் ஊசி அசையவில்லை என்றால் பற்றரி அறையிலிருந்து மேலே போகும் கம்பி அரித்திருக்கும். அதைத் திருத்துநர் பற்றாசு வைத்துச் சரிசெய்வார், பெரிய வேலை அல்ல.

லென்ஸில் தெரிவது பங்கசு. ஓரத்தில் கொஞ்சமாக இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் பரவினால் வெயிலுக்கு எதிராக எடுக்கும்போது படம் வெளிறும். அதிகநாள் விட்டால் கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும், அதன்பிறகு துடைத்தாலும் தடம் போகாது. கழற்றிச் சுத்தம் செய்வதைத் திருத்துநரிடம் விடுங்கள். உங்கள் வேலை, அது திரும்ப வராமல் பார்ப்பது. முதலில் அந்தத் தோலுறையைக் கழற்றி எறியுங்கள். ஈரத்தைப் பிடித்து வைப்பதும் பங்கசுக்குத் தீனி போடுவதும் அதுதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்கவேண்டும். கொழும்புக் காற்றில் அது சாதாரணமாக 75-க்கு மேல். நிறம் மாறிய ஜெல்லை அவன் (oven) அடுப்பில் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் காயவைத்தால் மறுபடி பாவிக்கலாம். அரிசிக்குள் வைக்கச் சொல்பவர்களைக் கேட்க வேண்டாம், தூசிதான் மிஞ்சும். அலுமாரியில் பூச்சி உருண்டை இருந்தால் அதற்குப் பக்கத்திலும் வேண்டாம்.

---

வெயில்16

தம்பி, திரையும் ஸ்பொஞ்சும் சரியெண்டா பற்றரியே போடாமல் முதல் றோலை எடுங்கோ. வீட்டில கேக்கிற கேள்விக்கு மறுமொழி அதுக்குள்ளதான் இருக்கு. போன் வெளிச்சத்தை அளந்து, போக்கஸ் பிடிச்சு, நிறம் திருத்தி, முடிவைக் கையில தருது. இதில வெளிச்சத்தைப் பார்த்து நீங்கள் ஒரு இலக்கம் சொல்லுறீங்கள், அது சரியோ பிழையோ எண்டு நெகட்டிவ் சொல்லுது. அந்த விளையாட்டு பிடிக்காத ஆளுக்கு இது வெறும் செலவுதான், வற்புறுத்தத் தேவையில்லை.

கணக்கு ஒண்டுதான். நல்ல வெயிலில அபேச்சர் (லென்ஸின்ர துவாரம், இலக்கம் கூடக் கூடச் சிறுக்கும்) எஃப்/16, ஷட்டர் வேகம் பிலிமின்ர ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) இலக்கம். ஐஎஸ்ஓ 400 எண்டா 1/500-ஐ வச்சு மறந்திடுங்கோ. வெயில் எஃப்/16. முகில் மெல்லிசா மறைச்சு நிழல் மங்கலாத் தெரிஞ்சா எஃப்/11. நிழலே விழேல்லை எண்டா எஃப்/8. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தா 5.6, சிலநேரம் 4. வெயில் நாளில கட்டிட நிழலுக்குள்ள நிக்கிற ஆளுக்கும் 5.6. புறக்கோட்டையில தார்ப்பாய் இழுத்துக் கட்டின ஒழுங்கைக்குள்ள போனா வெளியில இருக்கிற வெயிலைவிட ஆறு ஸ்டாப் குறையும்: 1/125, எஃப்/4. கண் உடனே பழகிடும், அதால குறைஞ்சது தெரியாது. ஆக்கள் பிழைவிடுறது அங்கதான்.

இந்தச் சூத்திரம் சூரியன் பக்கவாட்டில நிக்கிற நாடுகளில செய்தது. கொழும்பு கிட்டத்தட்ட 7 பாகை வடக்கில. சித்திரை வருசத்துக்குச் சில நாள் முன்னமும் செப்டம்பர் முதல் கிழமையிலயும் மத்தியானச் சூரியன் நேர உச்சியில நிக்கும். மற்ற மாதங்களிலயும் நல்ல உயரத்திலதான் நிக்கும். நெத்தி வெளிச்சம், கண்குழி இருட்டு. பதினொண்டுக்கும் இரண்டுக்கும் இடையில முகம் எடுக்கிறதெண்டா ஒரு ஸ்டாப் கூடத் திறவுங்கோ, இல்லாட்டி ஆளை நிழல் பக்கம் கூப்பிடுங்கோ. கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் கூடின வெளிச்சத்தையும் சிரிச்சுக்கொண்டு வாங்கும். ஒரு ஸ்டாப் குறைஞ்சாலே நிழல் சேறாப் போயிடும். சந்தேகம் வந்தா திறவுங்கோ.

காலிமுகத்திடலில பொழுதுபடுறதுக்குத் தனிக் கணக்கு. எங்கட ஊரில அந்தி நீளாது. சூரியன் கடலுக்குள்ள போனதில இருந்து இருபது நிமிசம் சொச்சத்தில இருட்டு. சராசரியா மூண்டு நிமிசத்துக்கு ஒரு ஸ்டாப் இறங்குது. சூரியன் மறைய முன்னம் வச்ச இலக்கத்தோட பட்டம் விடுற பெடியளைப் பத்து நிமிசம் கழிச்சு எடுத்தா கறுப்புத்தான் வரும்.

போக்கஸ். கே1000-இன்ர வழமையான திரையில போக்கஸ் பிடிக்க உதவுற பிளவுக் கோடு இல்லை, நடுவில மினுமினுக்கிற வட்டம் மட்டும். நடமாடுற ஆக்களுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிண்டா காலம் போயிடும். 50 மிமீ லென்ஸை எஃப்/11-இல வச்சு மூண்டு மீற்றருக்குத் திருப்பினா, ஏறக்குறைய 2.1-இல இருந்து 5 மீற்றர் வரைக்கும் கூராயிருக்கும். எஃப்/16-இல ஐஞ்சு மீற்றருக்கு வச்சா 2.6-இல இருந்து தூரத்துக் கட்டிடம் வரைக்கும் பிடிக்கும். லென்ஸில அபேச்சர் இலக்கம் சோடி சோடியா எழுதியிருக்கிற அளவுகோல் இதுக்குத்தான், வடிவுக்கில்லை. கமராவைக் கீழ வச்சிருக்கேக்கையே அபேச்சர் வளையத்தை 22 முனைக்குத் திருப்பி, அங்க இருந்து கிளிக் எண்ணி, பார்க்காமலே இலக்கத்துக்குப் போகப் பழகுங்கோ. பிறகு கண்ணுக்குத் தூக்கினா அமத்துற வேலை மட்டும்தான்.

றோல் போடுறதைக் கவனமாச் சொல்லுறன். வெறும் பிலிம் திரும்பி வாறதுக்கு முதற் காரணம் வெளிச்சமில்லை, பிலிம் சுருளில மாட்டுப்படாமல் 36 தரமும் காத்தை அடிச்சதுதான். நுனியை வலப்பக்கச் சுருளின்ர வெட்டுக்குள்ள விட்டு, லீவரை ஒருக்கா இழுத்து, மேலயும் கீழயும் ரெண்டு பக்க ஓட்டையும் பல்லில விழுந்திட்டுதோ எண்டு பாருங்கோ. கதவை மூடி, இடப்பக்கச் சுற்றுக்குமிழை அம்புக்குறிப் பக்கமா மெல்லத் திருப்பி தொய்வை எடுங்கோ, இறுகினவுடன நிப்பாட்டுங்கோ. பிறகு லீவர் இழுக்கேக்க அந்தக் குமிழ் தானாச் சுத்த வேணும். சுத்தேல்லையோ, கதவைத் திறந்து திரும்பப் போடுங்கோ. எண்காட்டி 36-ஐத் தாண்டி லீவர் இறுகினா வற்புறுத்தாதேங்கோ. பிலிம் டப்பாக்குள்ள இருக்கிற அச்சில இருந்து பிய்ஞ்சா பின்னுக்குச் சுத்தவே ஏலாது, இருட்டுப் பைக்குள்ள வச்சுத்தான் எடுக்க வேண்டி வரும். அடியில இருக்கிற சின்னப் பொத்தானை அமத்திப்போட்டுச் சுத்துங்கோ. பிடி இளகினபிறகும் ரெண்டு சுத்துச் சுத்திப்போட்டுக் கதவைத் திறவுங்கோ.

---

தெருக்கமரா

வெயில்16 அண்ணை சொன்னதில் வெளியிடத்துக்கான பகுதி முழுக்கச் சரி. ஆனால் மீற்றரே வேண்டாம் என்பதை ஏற்க முடியாது. கூரைக்குக் கீழே மனிதக் கண் அளவுகோலே அல்ல. கோயில் மண்டபத்தில் விளக்கொளியில் ஐஎஸ்ஓ 400-க்கு எஃப்/2, 1/30 அளவில் வரும். அதே மண்டபத்தில் நான்கு அடி தள்ளி நின்றால் இரண்டு ஸ்டாப் மாறிவிடும். இதை ஊகிப்பது பிலிமை எரிப்பது. போனில் இலவச ஒளிமானிச் செயலி போதும்.

மீற்றர் உயிர் பெற்றதும் அதைச் செயலியோடு ஒப்பிடுங்கள். சாம்பல் நிறச் சுவரையோ பழைய தார் வீதியையோ சட்டம் நிறைய வைத்து, வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, அறைக்குள் ஒன்று. மூன்றிலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் திருத்தக் கொடுக்கத் தேவையில்லை. மீற்றர் எப்போதும் ஒரு ஸ்டாப் குறைத்துக் காட்டினால் (அதாவது பிலிமுக்கு ஒரு ஸ்டாப் குறைந்த வெளிச்சம் கொடுக்கச் சொன்னால்) ஐஎஸ்ஓ வளையத்தை 400-க்குப் பதில் 200-இல் வையுங்கள், முடிந்தது. வெயிலில் சரியாகவும் நிழலில் பிழையாகவும் இருந்தால்தான் உணரி பழுது.

மீற்றர் சரியாக இருந்தாலும் அது முட்டாள் என்பதை மறக்க வேண்டாம். எதைக் காட்டினாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் கருங்கல் தூண்களைச் சட்டம் நிறைய வைத்தால் ஊசி கூடுதலாகத் திறக்கச் சொல்லும். கல் கல்லாக இருக்க வேண்டுமென்றால் ஒன்றரை ஸ்டாப் குறையுங்கள். வெள்ளைச் சீருடைப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நின்றால் நேர் எதிர்: ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். கடலைப் பின்னால் வைத்து ஆளை எடுக்கும்போது கிட்டப் போய் முகத்தை மட்டும் அளந்துவிட்டு பின்னே வாருங்கள்.

இரண்டு கொழும்புப் பிரச்சினைகளை யாரும் சொல்லவில்லை. ஒன்று, ஏசி. குளிர் அறையிலிருந்தோ வாகனத்திலிருந்தோ வெளியே எடுத்தால் லென்ஸும் உள்ளே கண்ணாடியும் வேர்க்கும். பைக்குள்ளேயே அரை மணித்தியாலம் விட்டு எடுங்கள், அதற்குள் லென்ஸைக் கழற்றவே வேண்டாம். பிரிட்ஜில் வைத்த பிலிமும் அப்படித்தான்: டப்பாவை மூடியபடி ஒரு மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள். மற்றது, கடற்காற்று. வெள்ளவத்தை ரயில் பாதையோரம் அரை மணித்தியாலம் நின்றால் முன் கண்ணாடியில் உப்பு. அந்த 50 மிமீ லென்ஸுக்கு 49 மிமீ பில்டர் பொருந்தும், ஒன்றைப் போட்டுவிடுங்கள். கமரா உடலை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்துணியால் துடையுங்கள்.

கறுப்பு-வெள்ளைக்கென்றால் அந்த இடத்தில் மஞ்சள் பில்டர். வானமும் முகிலும் பிரிந்து வரும். ஒரு ஸ்டாப் குடிக்கும். மீற்றர் லென்ஸ் வழியாகவே பார்ப்பதால் அது தானாகச் சேர்த்துக்கொள்ளும், கண்ணால் கணக்கிடுகிறவர்கள் தாங்களாகச் சேர்க்க வேண்டும்.

---

இருட்டறை_நிலா

கழுவும் பகுதிக்கு வருகிறேன். 20 பாகை என்பது சட்டம் இல்லை தம்பி, அட்டவணை போட வசதியான ஓர் இலக்கம். வெப்பம் கூடினால் நேரம் குறையும், அவ்வளவுதான். எல்லை எங்கே என்றால், டெவலப்பர் (பிலிமில் படத்தை வெளிக்கொணரும் கரைசல்) நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றும்போதும் கொட்டும்போதும் ஏற்படும் வித்தியாசம் படத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். ஆகவே இங்கே செய்ய வேண்டியது: தண்ணீரைக் கொஞ்சம் குளிரவைத்து, டெவலப்பரைக் கொஞ்சம் ஐதாக்குவது.

இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் கறுப்பு-வெள்ளைப் பிலிமுக்கு, ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 20 பாகையில் 13 நிமிடம். 24 பாகையில் அதுவே 9 நிமிடம். 24 நமக்கு எட்டக்கூடிய இலக்கம். 5 லீற்றர் தண்ணீரை 28-இலிருந்து 24-க்கு இறக்க ஏறக்குறைய 200 கிராம் ஐஸ் போதும். ஐஸை நேரே கரைசலுக்குள் போடாதீர்கள், செறிவு மாறிவிடும். பெரிய பேசினில் தண்ணீரும் ஐஸும், அதற்குள் டெவலப்பர், பிக்சர் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் போத்தலோடு நிறுத்துங்கள். எல்லாம் ஒரே வெப்பத்துக்கு வர வேண்டும் என்பது முக்கியம். 24 பாகை டெவலப்பரிலிருந்து எடுத்து 30 பாகைப் பைப் தண்ணீரில் போட்டால் பிலிமின் ஜெலட்டின் பூச்சு குலைந்து படம் முழுக்க வலைப்பின்னல் விழக்கூடும். இரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் விடாதீர்கள்.

ஐஸ் வேண்டாம், 26 பாகையிலேயே செய்கிறேன் என்றால் ஒன்றுக்கு மூன்று. 20 பாகைக்கு 20 நிமிடம், 26-இல் 11 அல்லது 12-க்கு வந்து நிற்கும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஒரு றோல் தொட்டியில் (பிலிமை ரீலில் சுற்றி வைத்துக் கழுவும், ஒளி புகாத பாத்திரம்) 290 மிலீதான் பிடிக்கும், ஒன்றுக்கு மூன்றில் அதற்குள் மூலக்கரைசல் 75 மிலீகூட இராது. பாதியிலேயே களைத்துப்போய் நெகட்டிவ் மெலிந்து வரும். இரண்டு ரீல் தொட்டியில் ஒரு றோலை மட்டும் அடியில் போட்டு, மேலே வெறும் ரீலை வைத்து, 145 மிலீ கரைசலுக்கு 435 மிலீ தண்ணீர் சேருங்கள். வெறும் ரீல் இல்லாவிட்டால் பிலிம் ரீல் மேலே வழுக்கிக் கரைசலுக்கு வெளியே வந்துவிடும்.

இங்கே பலரும் கைவிடுகிற இடம் இரசாயனம் அல்ல, இருட்டுப் பை. பைக்குள் கை வேர்க்கிறது, பிளாஸ்டிக் ரீல் ஈரமாகிறது, பிலிம் பாதியில் இறுகுகிறது. பிறகு பலவந்தமாகத் தள்ளி மடித்து, அரைநிலா வடிவத் தழும்பு. ரீலை முதல்நாளே கழுவிக் காயவைத்து, கூந்தல் உலர்த்தியால் ஒரு நிமிடம் காட்டி, ஆறவிட்டுத்தான் பைக்குள் வையுங்கள். பிலிம் நுனி டப்பாவுக்கு வெளியே இருந்தால் அதன் இரண்டு மூலையையும் வெளிச்சத்திலேயே வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். கை வேர்க்கத் தொடங்கினால் பிலிமைத் தொட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே இருங்கள். இரவு பதினொரு மணிக்குப் பிறகு, ஜன்னலில்லாத குளியலறையில் விளக்கை அணைத்துச் செய்தால் பையே தேவையில்லை. கதவடி வெளிச்சத்துக்குத் துவாய்.

டெவலப்பரில் ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் பத்து விநாடிக்குள் நான்கு தடவை கவிழ்த்து நிமிர்த்தி, தொட்டியை மேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள், குமிழி விலகும். நிறுத்தும் கரைசல் இல்லாவிட்டால் தண்ணீரால் இரண்டு தடவை அலசலாம். ரப்பிட் பிக்சர் ஒன்றுக்கு நான்கு, 3 முதல் 5 நிமிடம். பழைய பிக்சர் என்றால் வெட்டியெறிந்த நுனித் துண்டை வெளிச்சத்தில் அதற்குள் போட்டு எத்தனை விநாடியில் தெளிகிறது என்று பாருங்கள், அதன் மூன்று மடங்கு விடலாம். ஐந்து நிமிடமாகியும் தெளியாவிட்டால் பிக்சர் முடிந்தது.

கழுவ ஓடும் தண்ணீர் வேண்டாம். தொட்டியை நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10, மறுபடி 20. கடைசி அலசலுக்கு வடித்த தண்ணீரில் ஈரமூட்டி (நீர்த்தடம் விழாமல் காக்கும் திரவம்) சில துளி. பெற்றோல் நிலையங்களில் பற்றரிக்கு விற்கும் வடிநீர் இதற்குப் பொருந்தும். போத்தலைப் படித்து வாங்குங்கள், பக்கத்திலேயே அசிட்டும் நிற்கும். குளித்து முடித்த குளியலறையில், ஆவி தூசியை அடக்கியபிறகு, கீழே கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். மின்விசிறி கூடாது, தூசி ஈர ஜெலட்டினில் பதிந்தால் அதோடு சரி. மழைக்காலத்தில் இரவு முழுவதும் விடவேண்டி வரும். முழுதாகக் காயாமல் உறையில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். ஜெலட்டினிலும் பங்கசு வளரும் என்பதால் நெகட்டிவ் கோவையும் அந்தச் சிலிக்கா ஜெல் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். உறை பொலிபுரொப்பிலீன், பிவிசி வேண்டாம்.

வெக்கையைக் காரணம் சொல்கிறவர்களுக்கு: புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட் (1900–1944) இதே கொழும்பில்தான் நெகட்டிவை ஒன்றன்மேல் ஒன்று வைத்தும் பாதியில் வெளிச்சம் காட்டியும் அச்சுப் போட்டார்.

---

கவின்_கொழும்பு6

எல்லோருக்கும் நன்றி. பூப்பு இருந்தது, தேசிக்காய்ப் புளி போட்டுத் துடைத்து எஸ்ஆர்44 போட்டதும் ஊசி எழும்பிவிட்டது. செயலியைவிட முக்கால் ஸ்டாப் குறைத்துக் காட்டுகிறது, மூன்று இடத்திலும் அதே அளவு. 1 விநாடி 1.4 ஆக ஓடுகிறது, 1/1000-இல் ஓரம் இருளவில்லை.

இரண்டு சின்னக் கேள்வி. முதல் றோலாக ஒருவர் சுற்றித் தருகிற சினிமா பிலிம் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? கலரையும் வீட்டில் கழுவலாமா?

---

ஊசியும்_திரையும்

முக்கால் ஸ்டாப் என்றால் 400 பிலிமுக்கு வளையத்தை 250-இல் வையுங்கள். 1 விநாடியை மறந்துவிடுங்கள்.

கலர் சினிமா பிலிமின் முதுகில் கரிப்பூச்சு ஒன்று இருக்கலாம். கொடாக் விஷன்3 வகைகள் நெடுங்காலம் அப்படித்தான் வந்தன. அதை வழக்கமான சி-41 (கலர் நெகட்டிவ் கழுவும் முறை) இயந்திரத்தில் விட்டால் கரி கழன்று தொட்டி முழுக்கப் பரவி, அடுத்து வருகிறவரின் படத்தையும் கெடுக்கும். கரி நீக்கியதா என்று விற்பவரிடம் கேளுங்கள், கழுவக் கொடுக்கும் இடத்திலும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். முதல் றோலுக்கு அது வேண்டாம். கமராவைச் சோதிக்கிற றோலில் பிலிமும் புதிராக இருந்தால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. சாதாரண 200 அல்லது 400 நெகட்டிவ் போட்டு, முதல் நான்கு படத்தை ஒரே வெயிலில் ஒரே சுவரை எடுங்கள். 200 பிலிமுக்கு 1/1000 எஃப்/8, 1/500 எஃப்/11, 1/250 எஃப்/16, 1/125 எஃப்/22. நான்கும் ஒரே அடர்த்தியில் வந்தால் ஷட்டர் சரி. ஒன்று மட்டும் கறுத்தோ வெளிறியோ வந்தால் அந்த வேகத்தை நோட்டில் எழுதி வையுங்கள்.

---

இருட்டறை_நிலா

கலரைக் கழுவலாம். அதற்கு 38 பாகை வேண்டும், நம் தண்ணீர் 28-இல் நிற்பதால் குளிர்நாட்டுக்காரரைவிட நமக்கு வேலை குறைவு. டெவலப்பர் 3 நிமிடம் 15 விநாடி. ஆனால் கறுப்பு-வெள்ளை மாதிரி ஒன்றிரண்டு பாகை மன்னிக்காது: வெப்பம் பிசகினால் நிழலுக்கு ஒரு நிறம், வெளிச்சத்துக்கு ஒரு நிறம் என்று பிரிந்துவிடும், ஸ்கேன் செய்யும்போது திருத்த வராது. சமையல் வெப்பமானியை நம்ப வேண்டாம், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பாவியுங்கள். 38 அதன் அளவுக்குள்தான் இருக்கிறது.

கலரை முதல் சில றோல் வெளியே கொடுங்கள். ஸ்கேன் மட்டும் அனுப்பினால் போதும் என்று சொல்லிவிடாமல் நெகட்டிவைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் கேட்காவிட்டால் எறிந்துவிடுவார்கள்.